உழைப்பும் உடற்கொழுப்பும்: இரத்தச் சர்க்கரைக்கு மடை திறக்கும் வழி

பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் வழியாகப் பெண்ணையாற்று நீர் வந்து சேர்வதையும், அந்நீர் மதகுகளின் வழியே பாய்ந்து வயல்களை விளைவிப்பதையும் நம் உழவர் பெருமக்கள் நன்கறிவர். வாய்க்காலில் நீர் நிறைந்திருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. மடை திறக்க வேண்டும். நீர் வயலுக்குள் இறங்க வேண்டும். மடை அடைபட்டுப் போனால் ஒரு புறம் வாய்க்கால் கரை உடைகிறது. மறுபுறம் பயிர் வாடுகிறது. நீரிழிவு என்னும் நோயும் இத்தகையதே. இரத்தத்தில் சர்க்கரை பெருகி நிற்க, உடலின் உறுப்புகள் அதனைப் பெற இயலாமல் தவிப்பதே அந்நோயின் சாரம்.

இந்நோயைப் பற்றி வேளாண் மக்களுக்கான இம்மாத இதழில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பாகூர்ப் பகுதியில் நடந்த கிராமக் கூட்டமொன்றில் முதிய உழவர் ஒருவர் எழுந்து நம்மிடம் கேட்ட கேள்வியே இதற்குக் காரணம். “ஐயா, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்வோருக்குச் சர்க்கரை நோய் வருகிறது என்றால் அது நியாயம். நான் பிறந்தது முதல் சேற்றில் கால் வைத்தவன். உடம்பும் பருமனில்லை. எனக்கு ஏன் வந்தது?” என்றார் அவர். அன்று நம்மால் அவருக்குத் தக்க விடை கூற இயலவில்லை. பிறகு மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நாம் அறிந்து கொண்டவற்றை இங்கே முறையாக எடுத்துரைக்க முற்படுகிறோம்.

நிலைமை எத்தகையது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரும் கணக்கெடுப்பின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. 20 வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல் அதில் சோதிக்கப்பட்டனர். நாடு முழுமைக்கும் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டனர். புதுச்சேரியிலோ அது நூற்றுக்கு 26.3 பேர். அதாவது வயது வந்தோர் நால்வரில் ஒருவருக்கும் சற்று அதிகம். கோவாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே உயர்ந்த விகிதம் நம்முடையதே.

நகரமும் கிராமமும் சேர்ந்த கணக்கு இது என்பது உண்மையே. ஆயினும் வில்லியனூரும் பாகூரும் நகரத்துக்கு வெகு தொலைவில் உள்ள ஊர்கள் அல்ல. நகரத்து உணவும், நகரத்து வாகனமும், நகரத்துப் பழக்கங்களும் நம் கிராமங்களின் வாயிற்படியைத் தாண்டி வந்து பல ஆண்டுகள் ஆயின. ஆகவே இதை நகரத்தாரின் நோய் என்று ஒதுக்கி வைத்தல் தகாது.

சர்க்கரை செல்லும் பாதை

நாம் உண்ணும் சோறும், இட்லியும், கிழங்கும் குடலில் செரித்துக் குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள இரத்தம் முழுவதிலும், உண்ணாதிருக்கும் வேளையில், ஒரு தேக்கரண்டி அளவு, ஏறக்குறைய ஐந்து கிராம், குளுக்கோஸே இருக்கும். ஒரு வேளை உணவிலிருந்து இதைப் போலப் பன்மடங்கு சர்க்கரை இரத்தத்தில் வந்து இறங்குகிறது. அதனை விரைவில் உறுப்புகளுக்கு அனுப்பி, இரத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டு வருதல் உடலின் நாள்தோறுமுள்ள வேலையாகும்.

ஆனால் தசையின் உயிரணுக்களுக்குள்ளும் கொழுப்பின் உயிரணுக்களுக்குள்ளும் சர்க்கரை தானாக நுழைந்துவிட முடியாது. ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று வரப்பைப் போலச் சூழ்ந்திருக்கிறது. அவ்வரப்பில் சர்க்கரை புகுவதற்கென்று தனி வாயில்கள் உண்டு. புரதத்தால் ஆன அவ்வாயில்களுக்கு ‘குளூட்-4’ என்று அறிவியலார் பெயரிட்டுள்ளனர். நாம் அவற்றை மடைகள் என்றே அழைப்போம்.

இம்மடைகளின் இயல்பு வியப்புக்குரியது. அவை எப்போதும் வரப்பில் பொருத்தப்பட்டிருப்பதில்லை. பெரும்பாலானவை உயிரணுவின் உட்புறத்தில் சிறு சிறு பைகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. உணவு உண்டதும் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கிறது. நீர்ப்பாய்ச்சும் முறையை அறிவிக்க வரும் ஆளைப் போல அது ஒவ்வோர் உயிரணுவின் வாயிலிலும் வந்து குறிப்புக் கொடுக்கிறது. உடனே உள்ளிருக்கும் மடைகள் வரப்புக்கு வந்து பொருந்துகின்றன; சர்க்கரை உள்ளே இறங்குகிறது. இன்சுலின் குறைந்ததும் மடைகள் மீண்டும் உள்ளே சென்றுவிடுகின்றன.

இந்த இரகசியம் முதன்முதலில் வெளிப்பட்டது கொழுப்பு உயிரணுக்களில்தான். 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுவினர், ஒருவரையொருவர் சாராமல், எலியின் கொழுப்பைச் சோதித்து இதனைக் கண்டறிந்தனர். பின்னர் தசையிலும் இம்முறையே நடைபெறுகிறது என்பது விளங்கிற்று.

நீரிழிவில், அதாவது வயது வந்தோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலின் கொடுக்கும் குறிப்பை உயிரணுக்கள் செவிமடுப்பதில்லை. ஆள் வந்து கூவியும் மடை திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பார்க்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் களைத்தும் போகிறது. இரத்தத்தில் தேங்கிய சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு, இதயம், கால் ஆகியவற்றைச் சிறுகச் சிறுகக் கெடுக்கிறது.

உழைப்பு தசையில் செய்யும் வேலை

இன்சுலினைத் தவிர மடையைத் திறக்க வேறு வழி உண்டா? உண்டு. அதுதான் உழைப்பு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் குறிப்பு இல்லாமலேயே, உள்ளிருக்கும் மடைகள் தாமாக வரப்புக்கு வருகின்றன. இன்சுலினுக்குச் செவி சாய்க்காத தசையும் உழைப்பின் அழைப்புக்குச் செவி சாய்க்கிறது. நீரிழிவு உள்ளவர் விரைந்து நடக்கையில் சர்க்கரை குறைவதன் காரணம் இதுவே.

வேலை முடிந்த பின்னும் இதன் நன்மை தொடர்கிறது. உழைத்த தசை அடுத்த ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை இன்சுலினின் குறிப்பை முன்னிலும் நன்றாகக் கேட்கிறது. அதன் பின் அப்பயன் தேய்ந்துவிடுகிறது. ஆகவேதான் உடற்பயிற்சியில் இரண்டு நாட்களுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடலாகாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர்.

கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கா?

தசை உழைக்கிறது, ஆகவே சர்க்கரையை வாங்குகிறது. உழைக்காத கொழுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். உண்ட உணவின் சர்க்கரையில் பெரும் பங்கைத் தசையும் கல்லீரலுமே ஏற்கின்றன. கொழுப்பு ஏற்பது சிறு பங்கே. எனினும் அச்சிறு பங்கின் முக்கியத்துவம் பெரிது.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். எலிகளின் கொழுப்பில் மட்டும் இம்மடைகள் உண்டாகாதபடி செய்தனர். தசையின் மடைகளைத் தொடவில்லை. ஆயினும் அவ்வெலிகளின் தசையும் கல்லீரலும் இன்சுலினின் சொல் கேளாதனவாயின. தலைமடையில் உள்ள ஒரு வயலில் ஏற்பட்ட கோளாறு கடைமடை வரை பரவியதைப் போன்றது இது. கொழுப்பு தன் நிலையைப் பற்றிய செய்திகளை இரத்தத்தின் வழியே மற்ற உறுப்புகளுக்கு அனுப்பிக் கொண்டேயிருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. மேலும், கொழுப்புத் திசு தன் வேலையைச் சரிவரச் செய்யாதபோது, அங்கே தங்க வேண்டிய கொழுப்பு இரத்தத்தில் கசிந்து கல்லீரலிலும் தசையிலும் சென்று படிகிறது. அங்கும் இன்சுலினின் வேலை கெடுகிறது.

பயிற்சி கொழுப்பில் செய்யும் மாற்றம்

நாம் நடக்கும் அந்த நேரத்தில் கொழுப்பு என்ன செய்கிறது? அது சுருங்கி விரியும் உறுப்பன்று. ஆகையால் தசையைப் போல உடனே மடைகளைத் திறந்து சர்க்கரையை வாங்குவதில்லை. மாறாக, அந்நேரத்தில் கொழுப்பு கொடுக்கும் கையாக இருக்கிறது. தான் சேமித்து வைத்ததைக் கரைத்து, உழைக்கும் தசைக்கு எரிபொருளாக அனுப்புகிறது.

ஆனால் பயிற்சி நாள்தோறும் தொடர்ந்தால், கொழுப்பின் உள்ளேயும் மாற்றம் நிகழ்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை மனிதரிடமே காட்டியது. நீரிழிவு உள்ள ஏழு பேரின் கொழுப்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தபோது, நோயில்லாதாரை விட மடைப் புரதம் நூற்றுக்கு 43 பங்கு குறைந்திருந்தது. அவர்களுடைய தசையிலோ அப்புரதம் குறையவில்லை. அவர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த பின்னர் மீண்டும் சோதித்தனர். கொழுப்பின் மடைப் புரதம் நூற்றுக்கு 36 பங்கு கூடியிருந்தது. தசையில் 20 பங்கு கூடியிருந்தது.

ஏழு பேரைக் கொண்ட சிறிய ஆய்வே இது. எனினும் இது கற்பிக்கும் பாடம் தெளிவானது. நோயில் முதலில் மடையிழந்து நிற்பது கொழுப்பு. தொடர்ந்த பயிற்சியால் அந்தக் கொழுப்பும் மீண்டும் மடை பெறுகிறது. ஒரு நாள் உழைப்பு தசையின் மடையைத் திறக்கும். பல வாரத் தொடர்ந்த உழைப்பே கொழுப்பிலும் தசையிலும் புதிய மடைகளைக் கட்டும். கட்டிய மடையும் பயிற்சி நின்றால் நிலைப்பதில்லை.

மெலிந்தவருக்கும் கொழுப்பு உண்டு

“உடம்பும் பருமனில்லை” என்றார் அம்முதியவர். இதற்கும் விடை உண்டு. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் அவர்களும் இங்கிலாந்து மருத்துவர் ஜான் யட்கின் அவர்களும் 2004ஆம் ஆண்டில் தம் இருவர் உடலையுமே அளந்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடையின் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் மெலிந்தவர்களே. ஆனால் உடலிலுள்ள கொழுப்பு ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, இந்தியருக்கு 21.2 பங்கு.

நம் நாட்டவரில் பலர் இவ்வாறு மெலிந்த தோற்றத்துக்குள் மிகுந்த கொழுப்பையும் குறைந்த தசையையும் கொண்டுள்ளனர். தராசு காட்டும் எடையை மட்டும் கண்டு நிம்மதி கொள்ளலாகாது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

உழவரின் உழைப்பு எங்கே போயிற்று?

இனி அம்முதியவரின் முதற் கேள்விக்கு வருவோம். சேற்றில் கால் வைத்தவருக்கு ஏன் வந்தது? நம் தந்தையர் காலத்து உழவையும் இன்றைய உழவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். அன்று ஒரு காணி நிலத்தை உழ, ஏர் பிடித்து எருதுகளின் பின்னே நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. இன்று டிராக்டர் சில மணி நேரத்தில் அவ்வேலையை முடிக்கிறது. அன்று ஏற்றம் இறைத்தனர்; இன்று விசையை அழுத்தினால் மோட்டார் நீரைக் கொட்டுகிறது. அன்று அறுவடையும் கதிரடியும் வாரக்கணக்கில் நடந்தன. இன்று அறுவடை இயந்திரம் மாலைக்குள் வயலைக் காலி செய்கிறது. வயலுக்கு நடந்து சென்ற காலம் போய், வரப்பின் ஓரம் வரை மோட்டார் சைக்கிளில் செல்கிறோம்.

இயந்திரங்களை நாம் குறை கூறவில்லை. முதுகொடிக்கும் துன்பத்திலிருந்து அவை உழவரை விடுவித்தன. கூலியாள் கிடைக்காத காலத்தில் வேளாண்மையைக் காப்பாற்றுவனவும் அவையே. ஆனால் நாம் மாற்றாத ஒன்றுண்டு. அது தட்டிலுள்ள சோற்றின் அளவு. ஏர் உழுதவருக்கு வேண்டிய சோற்றை, டிராக்டரின் பக்கத்தில் நின்றவரும் உண்கிறார். வரவு குறையவில்லை; செலவு குறைந்துவிட்டது. எஞ்சியது கொழுப்பாகிறது.

இன்னொன்றும் உண்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் நடவின்போதும் களையெடுப்பின்போதும் சில நாள் கடுமையான வேலை இருக்கும். இடையில் பல வாரம் உடலுக்கு வேலையே இராது. மேலே கூறியபடி, அவ்விடைவெளியில் உடல் தான் கட்டிய மடைகளை இழந்துவிடுகிறது. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரின் வடத்தை ஆண்டுக்கு ஒரு நாள் பிடித்தால் புண்ணியம் சேரலாம். உடல் வலிமை சேராது. “உழவன்” என்ற பெயர் நம்மைக் காப்பாற்றாது. நாள்தோறும் செய்யும் உழைப்பே காப்பாற்றும்.

சென்னையில் கிடைத்த சான்று

நடை மருந்தாகும் என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் அவர்களின் குழுவினர், நீரிழிவின் எல்லையில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்றாண்டுக் காலம் கவனித்து, 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவில் அளவும், நாள்தோறும் அரை மணி நேர விரைந்த நடையும் கடைப்பிடிக்கும்படி தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் 39 பேரே நோயாளிகளாயினர். மாத்திரை உட்கொண்ட குழுவிலும் ஏறக்குறைய இதே பயன்தான் கிடைத்தது. செலவில்லாத நடை, மாத்திரைக்கு ஈடாக நின்றது.

எவ்வளவு, எவ்வாறு?

வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், விரைந்து நடத்தல் வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்னும் வேகமே தக்க வேகம். உணவுக்குப் பின் பத்து அல்லது பதினைந்து நிமிடம் நடப்பதும் நன்று. சர்க்கரை ஏறும் நேரத்தில் தசையின் மடை திறந்திருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது மண்வெட்டி பிடித்தல், தூக்குதல், உட்கார்ந்து எழுதல் போன்ற வலிமைப் பயிற்சியும் வேண்டும்.

சில எச்சரிக்கைகளை மறத்தலாகாது. இன்சுலின் ஊசி போடுவோரும், சில வகை மாத்திரைகளை உட்கொள்வோரும் கடுமையாக உழைக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகலாம். அவர்கள் மடியில் சிறிது வெல்லமோ சர்க்கரையோ வைத்திருத்தல் வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது பெருந்தவறு. நடைக்கு மருந்து துணை. மருந்துக்கு நடை துணை. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் வரப்பில் நடக்கக் கூடாது. முள் தைத்ததும் தெரியாமல் புண் முற்றிவிடும். வேலை முடிந்ததும் காலைக் கழுவித் துடைத்துப் பார்த்தல் நாள்தோறும் செய்ய வேண்டிய கடமை. நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

கிராமத்தின் கடமை

தனி மனிதரின் மன உறுதி மட்டும் போதாது. நடப்பதற்கு வழி வேண்டும். இங்கேதான் பஞ்சாயத்து உறுப்பினர்களின் பொறுப்பு தொடங்குகிறது. ஏரிக்கரைகளில் முட்செடிகளை அகற்றி நடைபாதை ஒழுங்கு செய்யலாம். ஓரங்களில் நிழல் தரும் புங்கனும் வேம்பும் நடலாம். தெருவிளக்கு எரியாத பாதையில் பெண்கள் நடக்க அஞ்சுவர். நம் தாய்மார்களுக்கு நீரிழிவு குறைவில்லை. அவர்கள் அச்சமின்றி நடக்க ஒளியுள்ள பாதை அமைத்தல் முதற்பணி. பள்ளி மைதானத்தைக் காலையும் மாலையும் ஊராருக்குத் திறந்து விடச் சொல்லிக் கேட்கலாம். சிறுவர் சடுகுடு ஆட ஓரிடம் ஒதுக்கலாம்.

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்துக் கொள்ளும்படி செய்தல் மற்றொரு பணி. உண்ணாதிருக்கையில் நூறு மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருந்து, மறு சோதனையிலும் அவ்வாறே இருந்தால், அது நீரிழிவு. 100 முதல் 125 வரை இருந்தால் அது எல்லை நிலை. சென்னை ஆய்வு காட்டியபடி, அந்த எல்லையில் நிற்போரையே நடை மிக எளிதாகக் காப்பாற்றும்.

அம்முதிய உழவரை அண்மையில் மீண்டும் கண்டோம். இங்கே எழுதியவற்றைச் சுருக்கிக் கூறினோம். அவர் சற்று யோசித்து, “அப்படியானால் வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வயலுக்கு நடந்து போனால் போதுமா?” என்றார். “மாத்திரையையும் விடாமல், நடையையும் விடாமல் இருந்தால் நலம்” என்றோம். மறுநாள் காலை, தோளில் துண்டும் காலில் செருப்புமாக அவர் வாய்க்கால் கரையில் நடந்து செல்வதைப் பார்த்தோம்.

வாய்க்காலைத் தூர் வாருவதை ஓர் ஆண்டு மறந்தால் அடுத்த ஆண்டு நீர் வராது என்பதை அறிந்தவர்கள் நாம். உடலின் மடைகளுக்கும் அதே நீதிதான். நாளை காலையே தொடங்குவோம். ஊராரையும் உடன் அழைத்து நடப்போம்.